மே முடிந்ததும் ஜூலை

கரிசல்பட்டி
14.6.2006

அன்பரசனுக்கு, உன் அய்யா ஊர்க்காவலன் சொல்லி எழுதச் சொன்னது.

நம் வீட்டுச் சுவரில் மே முடிந்ததும் ஜூலை வந்துவிட்டது. ஜூன் அதற்குப் பிறகுதான் வருமாம். எழுத்துத் தெரியாத எனக்கு இரண்டும் ஒன்றுதான். வருகிறவர்கள் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்புறம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஏஜென்ட் திருப்பி அனுப்பிய அந்த லோடில் ஒரு காலண்டரை எடுத்துவந்து உன் அம்மாதான் ஆணியடித்து மாட்டினாள். வேறு வாங்கி வருகிறேன் என்றால், "அது அங்கனயே தொங்கட்டும்" என்கிறாள். தினமும் காலையில் தானே தாளைக் கிழிக்கிறாள்.

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். கம்பெனி கேட் முன்னால், அத்தனை பேர் பார்க்க, "ஊர்க்காவலன், நீங்களும் போகலாம்" என்று என்னைப் பேர் சொல்லிச் சொன்னாய். நீ முதல்முதல் வாய் திறந்து "அய்யா" என்ற நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. உன்னைத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்ல வைத்தேன். அது ஞாபகம் இருக்கிறவனுக்கு இதுவும் மறக்காது. அது கிடக்கட்டும்.

உன் அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணில் புகைக்குள் பார்க்கிற மாதிரித் தெரிகிறதாம். அதுவும் நிற்காது என்கிறார்கள். இருக்கிற பார்வை போவதற்குள் ஒருமுறை வந்து உன் முகத்தை அவளுக்குக் காட்டிவிட்டுப் போ. எனக்காக வர வேண்டாம். எங்கேயாவது போ என்று சொன்னால் நான் போய் இருந்துகொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். மணி அடித்தால் முதலில் ஓடி எடுப்பது அவள்தான். எடுத்ததும், "எனக்கு என்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று உன்னிடம் சொல்லிவிடுவாள். பதிலை முனியராஜ் வீட்டு விலாசத்துக்குப் போடு. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அய்யா


ஐதராபாத்
27.6.2006

அய்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதியது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. முனியராஜ் வீட்டு விலாசம் என்றால் அவர் மனைவி பொன்மணிதான். வருகைப் பதிவேட்டில் தினமும் பார்த்த கையெழுத்து எனக்கு மறக்காது. வேலையை விட்டு நான் அனுப்பிய ஆளிடமே என்னைப் பற்றிச் சொல்லி எழுத வைத்திருக்கிறீர்கள். அவர் வாசிக்கட்டும், பரவாயில்லை.

நான் பொறுப்பேற்கும் முன்பு நம் காலண்டர் செட்டு எப்படி வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மாதத் தாள்கட்டையும் வரிசையாகச் சேர்ப்பதுதான் வேலை. ஒரே நீள மேசை. பேச்சுத் துணைக்கு யார் வேண்டுமோ அவர் பக்கத்தில் உட்காருவார்கள். இது யார் சேர்த்தது என்று கேட்டால் "எல்லாரும்தான்" என்பார்கள். முதலாளி இராமகிருஷ்ணன் என்னை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தது இதை மாற்றத்தான். வந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பார்த்தேன். செட்டிலேயே வேகமான கை அம்மாவுடையது. மெதுவான கை பொன்மணியுடையது. தன் வேலையை விட்டுவிட்டு எந்நேரமும் அம்மாவின் மேசையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவரைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். எல்லாருக்கும் தனித்தனி இடம் கொடுத்தேன். அம்மாவை முன்னால் உட்கார வைத்து, இவரைப் போலச் செய்யுங்கள் என்றேன். லோடு முன்னைவிட வேகமாகப் போனது. அதை நீங்களும் மறுக்க முடியாது.

அப்புறம் ஜூனும் ஜூலையும் மாறிப்போய் லோடு திரும்பி வந்தது. யார் என்று கேட்டேன். பொன்மணியே எழுந்து நின்று "நான்தான்" என்றார். ஒப்புக்கொண்டவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நான் எப்படி வேலை வாங்குவது? அனுப்பினேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் எழுந்தீர்கள். உங்கள் பின்னால் மொத்தச் செட்டும் எழுந்தது. பெற்ற அப்பாவே என்னோடு நிற்கவில்லை என்ற கோபத்தில்தான் பேர் சொன்னேன். அடுத்த ஆர்டருக்கு ஆளில்லாமல் முதலாளி முன்னால் நான் நின்ற நிலை உங்களுக்குத் தெரியாது. அந்த வேலையும் போய்த்தான் இங்கே வந்து கிடக்கிறேன்.

அம்மா போன வாரம்கூடப் பேசினாள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை ஊருக்கு வரவழைக்க வேறு காரணம் இருந்தால் நேராகச் சொல்லுங்கள்.

அன்பரசன்


கரிசல்பட்டி
6.7.2006

அன்பரசனுக்கு,

உன் கடிதத்தைப் பொன்மணிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். தன்னைப் பற்றி நீ எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். நடுவில் ஒருமுறை மட்டும், "அடுப்பப் பாத்துட்டு வந்துருதேன் மாமா" என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போவதை எழுத மாட்டேன் என்கிறாள். "அத்தைக்கு எல்லாரும் சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கோம் மாமா. பேனாவைப் பிடிச்சு நானே அதை உடைக்கவா?" என்கிறாள். "சத்தியம் பண்ணது நீ. நான் பண்ணும்போது துண்டுக்குள்ள தலைய ஆட்டுனேன், அது செல்லாது" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்ததால் எழுதுகிறாள்.

உன் அம்மாவின் கண் அன்றைக்கே மங்கல்தான். உனக்கு வேலை கிடைப்பதற்கும் முன்னாலிருந்தே. பெரிய எழுத்துத் தெரியும், தாளில் இருக்கிற சின்ன எழுத்துத் தெரியாது. வெளியே சொன்னால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். கை மட்டும் காற்றாய்ப் பறக்கும். அதனால் பொன்மணி அவள் பக்கத்தில் உட்காருவாள். அத்தை சேர்த்து வைக்கிற ஒவ்வொரு கட்டையும் விரலால் விலக்கிப் பார்ப்பாள், மாதம் மாறியிருந்தால் திருப்பி வைப்பாள். நீ எட்டிப் பார்க்கிறாள் என்றது அதைத்தான். அவள் கை மெதுவானதும் அதனால்தான். செட்டில் எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டில் என்ன கஷ்டம், யாரை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் எங்களுக்குள் பேசாமலே நடக்கும்.

நீ அவளைப் பிரித்துக் கடைசி வரிசைக்கு அனுப்பினாய். அம்மாவை எல்லாருக்கும் முன்னால் உட்கார வைத்துப் புகழ்ந்தாய். அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கி நடந்து வரும்போது, "எம் பிள்ள வாயால கேட்டுட்டேன், இனி என்ன வேணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு எப்படி உன்னிடம் வந்து சொல்வாள்? எங்களை எப்படிச் சொல்ல விடுவாள்? சேர்த்த கட்டெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். தகரப் பட்டை வைத்து அடிக்கிறவன் நான். என் கையில் இருப்பது ஜூனா ஜூலையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ யார் என்று கேட்டபோது உன் அம்மா எழப்போனாள். பொன்மணி முந்திக்கொண்டு எழுந்துவிட்டாள். இப்போது பட்டாசு ஆபீசுக்கு வேனில் போய்வருகிறாள். வெடிமருந்து அறை வேலை. முனியராஜ் தினமும் சாயங்காலம் வேன் வரும்வரை ரோட்டில்தான் நிற்கிறான்.

இதுதான் காரணம். வேறு இல்லை. வா.

உன் அய்யா


ஐதராபாத்
19.7.2006

அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அம்மாவை எழுப்பி அனுப்பிவிடுவேன் என்று நினைத்தீர்களா? யார் எங்கே உட்காருவது என்று நான் வரைந்த சார்ட்டில், சொன்னது இருக்கும், சொல்லாதது எப்படி இருக்கும்? பொன்மணி மதினி பேருக்கு எதிரே "தன் வேலை, மாமியார் முறையுள்ளவர் வேலை, இரண்டும்" என்று ஒரு வரி எழுதியிருப்பேன். அவ்வளவுதானே. நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவரைத் தாங்கினீர்கள். நான் அந்தச் செட்டில் இல்லையா அய்யா? நான் அவள் மகன்தானே?

மதினி இதை வாசிக்கும்போது எழுந்து போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் சொல்கிறேன்.

அம்மாவை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தெலுங்குக் காலண்டர் ஆர்டர் ஒன்று என் பொறுப்பில் வந்திருக்கிறது. லோடு போனதும் வந்துவிடுகிறேன்.

அன்பரசன்


கரிசல்பட்டி
22.8.2006

அன்பரசனுக்கு,

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வேனில் வந்த பெண்கள் சொல்லக் கேட்டுவிட்டு உன் அம்மா, "இந்த வருசம் யார் மேசைல யாரோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பொம்பளைப் பிள்ளை, நல்ல மாதிரி. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது என்றாள். ஒளி வைத்து ஏதோ செய்தாள். "இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் தாத்தா, எவ்வளவு நாள் என்று சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கும் மனு கொண்டு போனேன். கண் தெரியாதவர்களுக்கு ஏதோ சர்ட்டிபிகேட் தருகிறார்களாம். அவளே நேரில் வர வேண்டும் என்றார்கள். கூப்பிட்டால், "யாருக்குக் கண்ணு தெரியல? ஒமக்கா?" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறாள். நான் என்ன செய்ய?

உன் போட்டோவை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறாள். நான் அந்தப் பக்கம் வந்தால் முந்தானையால் தூசி துடைக்கிற மாதிரித் துடைக்கிறாள்.

லோடு போனதும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். லோடு ஒரு மாதம் பிந்தினால் ஏஜென்ட் திட்டுவான், அதோடு போயிற்று. இது அப்படி இல்லை. இப்போதே கிளம்பு. பொன்மணியும் எழுதச் சொல்கிறாள், "கொழுந்தனார் சட்டுன்னு வரட்டும்" என்று. இது அவளாகச் சொன்னது. நான் சொல்லவில்லை.

உன் அய்யா


ஐதராபாத்
10.9.2006

அய்யாவுக்கு,

உடனே வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். நிலைமையைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

இங்கே இந்த முறை ஆட்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்திருக்கிறேன். கை வேகமானவர் ஒருவர், கண் கூர்மையானவர் ஒருவர். யாருக்கு என்ன முடியாது என்று முதல் நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். மூன்று பேர் அழுதுவிட்டார்கள். அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லையாம். இதுவரை ஒரு கட்டும் மாறவில்லை. மேலே இருப்பவருக்கு இது பிடிக்கவில்லை, ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆளா என்கிறார். நான் நடுவில் கிளம்பினால் மறுநாளே ஜோடிகளைப் பிரித்துவிடுவார். பஞ்சம்மாள் என்று நம் பக்கத்து ஆள் ஒருத்தி இருக்கிறாள், கைவிரல் மடங்காது. அவளைத்தான் முதலில் அனுப்புவார். இன்னொருமுறை அது என் கையால் நடக்கக் கூடாது.

தீபாவளிக்கு முன்னால் லோடு போய்விடும். போன மறுநாள் நான் பஸ்ஸில் இருப்பேன். சாத்தூரில் அம்மா எனக்கு எடுத்துத் தந்த ஊதாக் கட்டம் போட்ட சட்டை இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன். பளிச்சென்ற நிறம். மங்கலாகத் தெரிந்தாலும் நான்தான் என்று தெரிந்துவிடும். அவளிடம் சொல்லி வையுங்கள்.

அன்பரசன்


கரிசல்பட்டி
31.10.2006

அன்பரசனுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நின்றிருந்தேன். நீ சாத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய். நான் வீட்டுக்கு வந்தபோது நீ குளித்துவிட்டு, சாரம் கட்டிக்கொண்டு வெறும் உடம்போடு உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு முதுகில் ஒரு தழும்பு உண்டு, பம்புசெட் தொட்டியில் விழுந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நாம் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. இன்னும் ஒரு இட்லி வைக்கவா என்றேன். "போதும்ய்யா" என்றாய். கேட் முன்னால் நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

உன் அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று. "எம் பிள்ளைய நல்லாப் பாத்தேன். மெலிஞ்சு போயிட்டான். அந்த ஊதாச் சட்ட அவனுக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு தெரியுமா!" ஏதோ கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது, நீயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாய். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

பொன்மணி அன்றைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தான் கண்ணெதிரே நின்றால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

உன் அய்யா


ஐதராபாத்
9.11.2006

அய்யாவுக்கும் பொன்மணி மதினிக்கும்,

மதினி, இதை அம்மா காதில் விழாத இடத்தில் வாசியுங்கள்.

மதுரை தாண்டியதும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கைக்குழந்தை என் மேல் வாந்தி எடுத்துவிட்டது. சாத்தூரில் இறங்கி ஊதாச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, கம்பெனியில் கொடுத்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டேன். அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாசலில் நின்றாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சுட்டியேய்யா" என்றாள். அப்புறம் ஒரு எட்டுப் பின்னால் போய் என்னை மேலும் கீழும் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "ஊதாச் சட்ட ஒனக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு!" என்றாள்.

பக்கத்து வீட்டு வள்ளித்தாய் பெரியம்மை தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றார். என் பனியனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஆமா மாரித்தாயி, எடுப்பாத்தான் இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடத்தோடு தன் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது.

நான், "நீ எடுத்துத் தந்த சட்டைல்லாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. உப்பு டப்பாவில் நூல் கட்டியிருந்தது, சீனி டப்பாவில் இல்லை. அடுப்படியிலிருந்து கொல்லைவரை சுவரில் கயிறு ஓடியது. கேட்டால் துணி காயப்போட என்றாள். அவ்வளவு தாழ்வாக யார் துணி காயப்போடுவார்கள்? காலண்டர் பக்கம் தடவிப் போய், "இன்னிக்குத் தாளக் கிழிக்கவே மறந்துட்டேன் பாரு" என்று எனக்குக் காட்டுவதற்காகக் கிழித்தாள். நீங்கள் காலையிலேயே கிழித்திருந்தீர்கள். சுவரில் மறுநாள் தேதி நின்றது. அவள் உள்ளே போனதும் சோற்றுப் பருக்கை எடுத்து அந்தத் தாளை மறுபடி ஒட்டி வைத்தேன். கோணலாக இருந்திருக்கும். நீங்கள் கவனித்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

போனது எப்போது அய்யா? நான் கடைசிக் கடிதம் எழுதியதற்கு முன்பா, பின்பா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மதினி, சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். பூட்டியிருந்தது. நான் ஒருமுறை உங்களை அம்மா பக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பினேன். இந்த முறை நான் வருகிறேன் என்று நீங்களாகவே எழுந்து போய்விட்டீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அம்மா மஞ்சள் என்று சொல்லியிருப்பாள். நானும் நம்பிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். இனி நான் வரும்போது எங்கேயும் போகாதீர்கள். அவள் பக்கத்திலேயே இருங்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அன்பு


கரிசல்பட்டி
20.11.2006

அன்புக்கு,

பொன்மணியும் நானும் கிணற்றடிக்குப் போய் உன் கடிதத்தை வாசித்தோம். இந்த முறை அவள் நடுவில் எழுந்து போகவில்லை. ஒரு வரியை மட்டும் நான் கேட்காமலே இரண்டாம் தடவை வாசித்தாள். எந்த வரி என்று எழுத மாட்டேன் என்கிறாள்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். பொய் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இனி உன்னிடம் மறைத்து ஆகப்போவது என்ன? புரட்டாசி முதல் சனிக்கிழமை. நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். வெயில் நடைவரை வந்துவிட்டது. படுத்தபடியே கேட்டாள், "விடியலியா இன்னும்?" நான், "இல்ல, இன்னுங் கொஞ்ச நேரம் படு" என்றேன். படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ரேடியோ பாட ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் அவளே எழுந்து உட்கார்ந்தாள். என் கையைத் தேடினாள்.

உன் ஊதாச் சட்டைக் கடிதம் அதற்கு முந்தின வாரமே எங்கள் கையில் இருந்தது. பையை எடுத்து வைத்த அன்றைக்கே கிளம்பியிருந்தால் பார்த்திருப்பாள். உன் மேல் குறையாக இதைச் சொல்லவில்லை. பஞ்சம்மாளுக்காக நின்றாய், அதுவும் எனக்கு விளங்குகிறது. அவள் வேலை நிலைத்ததா என்று எழுது. உன் அம்மா இடத்தில் நின்று கேட்கிறேன்.

நீ கோணலாக ஒட்டிய தாளை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் உன் அம்மா கிழிக்கப் போனபோது அவள் விரலில் பருக்கை ஒட்டியிருக்கிறது. விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். "சுவத்துல சோறு எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டாள். "எறும்பு இழுத்துருக்கும்" என்றேன். "ஆமா, எறும்புதான்" என்றாள். அவளுக்குத் தெரியுமோ என்னமோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புது வருஷத்துக் காலண்டர் ஒன்று வந்திருக்கிறது. உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பொன்மணியிடம், "மாசமெல்லாம் வரிசையா இருக்கா பாரு தாயி" என்று கொடுத்தாள். பொன்மணி ஒவ்வொரு மாதமாக விரலால் விலக்கிப் பார்த்தாள். பழையபடி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு வா. பொன்மணி எங்கேயும் போக மாட்டாள். இருந்தாலும் என்ன சட்டை என்பதை முன்கூட்டியே எழுதிவிடு. பஸ்ஸில் அதன் மேல் எது கொட்டினாலும் சரி, மாற்றாதே. அதோடேயே வா.

உன் அய்யா
ஊர்க்காவலன்